தெய்வானைக்கு எடுத்த சிற்றாடை

மே 12, ஞாயிறு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை நான் எழுதவில்லை, பேசுகிறேன். பேத்தி தேவயானி தன் பழைய போனை என்னிடம் கொடுத்து, மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் அது எழுத்தாக்கிக்கொள்ளும் என்று காட்டினாள். "டெய்லி பேசுங்க தாத்தா. ஊருக்குப் போய் பிரிண்ட் எடுத்து வெச்சுக்கலாம்" என்றாள். கொச்சையாகப் பேசினால் அதற்குப் புரியாதாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லும் வரை படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

பெயர் மருதமுத்து. வயது எழுபத்து நாலு. கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன். பிறந்தது இந்த இலங்கையில். ஐம்பது வருஷம் கழித்து இன்றுதான் திரும்பக் கால் வைக்கிறேன். சென்னையிலிருந்து பிளேனில் ஒன்றேகால் மணி நேரம். அன்றைக்கு இந்தியா போகும்போது கோச்சியில், அதாவது ரயிலில், ஒரு ராத்திரி ஒரு பகல், அப்புறம் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம்.

கூட்டி வந்தது மகன் தனசேகர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கூட மருமகள் மேகலா, பேத்தி. பெந்தோட்டையில் கடலை ஒட்டி ரூம். ஒரு வேனும் டிரைவரும் ஏழு நாளைக்குப் பேசியிருக்கிறது. டிரைவர் பெயர் யோகராஜா. அவன் வாயைத் திறந்ததுமே மலைநாட்டுக்காரன் என்று தெரிந்துவிட்டது.

"ஐயா எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டான்.

"கோத்தகிரி" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் தனசேகர் ஒரு பேச்சை எடுத்தான். மூன்று நாள் கடல். மீதி நாளும் இங்கேயே இருக்கலாம், அல்லது நீளமாக ஒரு மலைப்பயணம் போகலாம். யோகராஜா விரலாலேயே மேசைமேல் பாதை போட்டான். ரத்தினபுரி வழியாக ஏறி, பலாங்கொடை, பெரகலை, அப்புத்தளை. அந்தப் பக்கம் வெல்லவாய இறங்கி தங்காலைக் கடல். வழியெல்லாம் அருவி, மேகம், தேயிலை.

தனசேகர் என்னைப் பார்த்தான். நான் மீன் முள்ளைப் பார்த்தேன்.

மே 13, திங்கள்

காலையில் ஓட்டெடுப்பு நடந்தது. மலைப்பயணத்துக்கு மூன்று கை. "நானும் தூக்கலாங்களா? எனக்கும் எங்க வீட்ட எட்டிப் பாத்த மாதிரி இருக்கும்" என்று யோகராஜாவும் தூக்கினான்.

நான் வேண்டாம் என்றேன். மழை என்றேன், பனி என்றேன், வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்றேன்.

"அப்பா, மேட்டுப்பாளையம் பஸ்ல முப்பது வருசம் ஏறி எறங்குன ஆளு நீங்க. டிரைவரே வாந்தி எடுத்தாலும் நீங்க எடுக்க மாட்டீங்க" என்றான் தனசேகர்.

"அங்க எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லப்பா. போயி என்னத்தப் பாக்கிறது?"

எனக்கு மறதி என்றால் என்னவென்றே தெரியாது. சீனிக்கல் தோட்டம், மேல்கணக்கு, மூன்றாம் லயம். பன்னிரண்டு காம்பரா. முதல் காம்பராவில் குடைக்கம்பி மாதிரி இருக்கும் பெருமாள். இரண்டாவதில் ரெட்டைப் பிள்ளைக்காரி மீனாச்சி. ஏழாவதில் நாங்கள். கணக்கு என்றால் தோட்டத்தில் ஒரு பிரிவு, லயம் என்றால் வரிசை வீடு, காம்பரா என்றால் அதில் ஒரே அறை. அடுப்பு, படுக்கை, ஆடு எல்லாம் அதற்குள்தான். பன்னிரண்டாவது அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் மேகலா போக ஆசைப்படுவது அருவி பார்க்க இல்லை. கன்னிக்காக.

இதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு தங்கை, தெய்வானை. பதினேழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள், கல்யாணம் ஆகாமல். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை எங்கள் வீட்டில் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறோம். மூலையில் ஆணி அடித்து ஓலைப்பெட்டி தொங்கும். ஆடி வெள்ளி ஒன்றில் புதுச் சிற்றாடை, இரண்டு டஜன் வளையல், ரிப்பன், சீப்பு, கண்ணாடி வைத்துச் சர்க்கரைப் பொங்கல் படைப்பது. போன வருஷச் சிற்றாடையை ஏதாவது ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். தேவயானி என்ற பெயரே அவள் பெயர்தான், கொஞ்சம் நாகரிகப்படுத்தியது.

இந்தத் தடவை மேகலா பெட்டியோடு வந்திருக்கிறாள். ஏர்போர்ட்டில் திறந்து காட்டச் சொன்னார்களாம். அரக்குக் கலர் சிற்றாடை. வளையல் சின்ன சைஸ், பதினேழு வயசுக் கைக்கு.

"கன்னி அடங்குன மண்ணுல ஒரு தடவ வெச்சுக் கும்பிட்டுட்டு வந்துரலாம் மாமா. எத்தன வருசம் சொவத்துலயே தொங்கப் போட்டு வெச்சிருக்கோம்" என்றாள்.

யோகராஜாவைச் சேர்க்காமலே மூன்றுக்கு ஒன்று. வியாழக்கிழமை காலை கிளம்புவதாக முடிவானது.

மே 14, செவ்வாய்

முழங்கால் வலிக்கிறது, படியிறங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 15, புதன்

முழங்காலுக்காகப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

தனசேகர் முணுமுணுத்தான், ஆனால் மருந்துக் கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்தான். வாங்கி வந்ததோடு நிற்காமல் தரையில் உட்கார்ந்து தேய்த்தும் விட்டான். "எங்கப்பா வலிக்குது, இங்கயா, இங்கயா?" என்று கேட்டுக் கேட்டு அமுக்கினான். இரண்டு இடத்தில் ஆமாம் என்றேன். பேத்தி போனில் அருவிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேகலா ஓலைப்பெட்டியோடு கடலுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். தனியாகப் போனாள். பின்னாலேயே போனேன். வலிக்காத கால் எவ்வளவு வேகமாகப் போகும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஈர மணலில் வாழையிலை போட்டு, சிற்றாடையை மடித்து வைத்து, சூடம் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் நிற்கவில்லை. நாலு குச்சி வீணானது. தலையைக் குனிந்து வாய்விட்டே சொன்னாள்: "தாயி, உன் எடத்துக்கு வர முடியல. கோவிச்சுக்காத. இந்தக் கடல் தண்ணி உன்கிட்டயும் வருமில்ல, இதுலயே வாங்கிக்க. உங்க அண்ணனுக்கு அந்த முழங்கால மட்டும் நல்லாக்கிக் குடு."

என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. என் தங்கைக்கும்.

சிற்றாடையை அவள் தண்ணீரில் விடப் போனாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாமா, நடந்தா வந்தீங்க?"

"வலி விட்ருச்சும்மா."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைக் கும்பிட்டாளா, கடலைக் கும்பிட்டாளா தெரியவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா, கேட்ட ஒடனே" என்றாள்.

"நாளைக்குப் போகலாம். மலைக்கே போகலாம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஆனாலும் சொல்லவில்லை.

மே 16, வியாழன், விடிகாலை

எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு இந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். அந்தக் காலத்தில் பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்த பழக்கம்.

திங்கட்கிழமை சொன்னதில் ஒரு திருத்தம். தெய்வானை காய்ச்சலில் சாகவில்லை. சாகவே இல்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது உயிரோடுதான் இருந்தாள், அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சியோடு ஓடிக்கொண்டு.

எழுபத்து நாலாம் வருஷம். இரண்டு சர்க்காரும் பேசி முடித்து, தோட்டத்து ஆட்களில் இன்னார் இந்தியா, இன்னார் இலங்கை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான், கல்யாணமாகி எட்டு மாதமான ராசம்மா, தெய்வானை. ஆபீசில் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு, கூட வருகிறவர்கள் யார் யார் என்று கேட்டார்.

"பொண்சாதிங்க" என்றேன்.

"தங்கச்சின்னு இருக்கே?"

"கட்டிக் குடுத்தாச்சுங்க."

"வேற?"

"தம்பிங்க. சுப்பையா."

சுப்பையா எனக்குத் தம்பி இல்லை. ராசம்மாவுக்குத் தம்பி. பதினைந்து வயது, கவ்வாத்துக் கத்தி பிடித்து நன்றாகச் செடி வெட்டுவான். அவர் வாசித்துக் காட்டினார். பெருவிரலை மையில் ஒற்றி வைத்தேன்.

புது ஊருக்கு இரண்டு ஆம்பிளையாகப் போனால் இரண்டு பேருக்கும் வேலை. குமரியைக் கூட்டிப் போனால் இறங்கின அன்றைக்கே மாப்பிள்ளை தேட வேண்டும். இவ்வளவுதான். ராசம்மா நச்சரித்தாள், அதனால் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்துப் போனவள்மேல் பழி போட்டால் திருப்பிக் கேட்கமாட்டாள். அந்த வித்தை எனக்குப் பழக்கம்.

தெய்வானையிடம், உன் பேரு அடுத்த லிஸ்ட்டில் இருக்கிறது, நானே வந்து கூட்டிப் போவேன் என்றேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. நம்பினாள். வழிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் அதுவரை கோச்சியில் ஏறினதே கிடையாது. கோச்சி நகர்ந்ததும் கூடவே ஓடினாள். "அண்ணே, எனக்குச் சன்னலோரம் எடம் புடிச்சு வையிண்ணே" என்று கத்தினாள். சுற்றிலும் அழுகைச் சத்தம். அவள் மட்டும் சிரித்துக்கொண்டு ஓடினாள்.

கோத்தகிரி போனதும் எல்லோரும் கேட்டார்கள், தங்கச்சி எங்கே என்று. குமரியை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் என்றேன். மறு வருஷம், யாரிடமோ விலாசம் கேட்டு யாரையோ எழுதவைத்து, அவள் கடுதாசி போட்டிருந்தாள். தபால்காரரிடம், அப்படி ஆள் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பிவிடச் சொன்னேன்.

தனசேகருக்கு இரண்டு வயதில் விடாத காய்ச்சல். பக்கத்து வீட்டுச் சங்கரன்கோவில் அம்மாள் வந்து பார்த்து, கன்னி கழியாமல் செத்தவள் துணி கேட்கிறாள் என்று சொன்னாள். ராசம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். படைத்தோம். உயிரோடு இருக்கிறவளுக்குப் பெட்டி கட்டிப் படைத்தோம். அன்றைக்கே காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுதான் கெட்டது. இறங்காமல் இருந்திருந்தால் படையல் அந்த ஒரு வருஷத்தோடு நின்று போயிருக்கும்.

ராசம்மாவும் போய்விட்டாள், சுப்பையாவும் போன வருஷம் போய்விட்டான். இது தெரிந்தவன் இப்போது நான் ஒருவன். இந்தப் போன் ஒன்று.

மே 16, சாயங்காலம்

பெரகலை முக்கில் தேநீர்க் கடை. அங்கிருந்து பார்த்தால் தெற்குப் பக்கம் பூமி முழுக்கக் கீழே கிடக்கிறது. தேவயானி படம் எடுத்துவிட்டு வந்தாள். அவள் கையில் போனைக் கொடுத்தேன்.

"படிச்சுக்கலாம். சத்தமாப் படி. எல்லாருக்கும் கேக்கணும்."

"ஐ, பர்ஸ்ட் ரிலீஸ்!" என்று ஆரம்பித்தாள். பெந்தோட்டை வரைக்கும் சிரித்தார்கள். முழங்கால் வந்தபோது தனசேகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்று விடிகாலைக்கு வந்ததும் பேத்தியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "சத்தமா" என்றேன். சுப்பையா பெயர் வந்தபோது நிறுத்திவிட்டாள். மேகலா வாங்கி, மீதியை அவள் படித்தாள்.

தனசேகர் எழுந்து சாலை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தவன், "இன்னும் எத்தன பேரக் கொன்னு வெச்சிருக்கீங்கப்பா? இப்பவே சொல்லிருங்க. அவங்களுக்கும் துணி எடுக்கணுமில்ல" என்றான்.

மேகலா சத்தமே போடவில்லை. "இவ பொறக்க மூணு வருசம் வெள்ளிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தேன் மாமா. அது யாருக்கு இருந்தேன்?" என்று கேட்டாள்.

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை கட்டிவிட்டது.

யோகராஜாதான் முதலில் அசைந்தான். "சீனிக்கல் மேல்கணக்குதானே? எங்க மச்சாண்ட சம்சாரம் அங்கதான் கொழுந்து எடுக்குது. கேட்டுப் பாப்பமே" என்று போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"தெய்வானையா? எந்தத் தெய்வானை?" என்றது ஒரு பெண் குரல். "கொழுந்து நிறுக்கிற எடத்துல தராசுக்காரனோட சண்ட புடிக்குமே, அந்தத் தெய்வானை ஆத்தாவா? இருக்கே! இப்பத்தானே என்னைய ஏசிட்டுப் போகுது!"

தனசேகர் சட்டென்று கம்பிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியாது.

மூன்றாம் லயம் அப்படியேதான் இருக்கிறது, தகரம் மட்டும் புதுசு. ஏழாம் காம்பரா வாசலில் ஒரு கிழவி விறகு பிளந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முகம். ஆனால் அம்மா இவ்வளவு வயசு வரைக்கும் இருக்கவில்லை.

"ஆத்தா, இந்தியாவுல இருந்து ஆளு வந்திருக்கு" என்றான் யோகராஜா.

அவள் கோடாலியைக் கீழே வைக்காமலே பார்த்தாள். "மருதமுத்தா?" என்றாள். அண்ணன் என்று சொல்லவில்லை. பேர் மட்டும்.

மேகலா பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் விழுவதா, கட்டிப் பிடிப்பதா என்று தெரியாமல் கையைக் கூப்பினாள்.

"என்னா புள்ள, கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிற? பெட்டியில என்னா?"

 போனை நீட்டி இதைப் படி என்று அவளிடம் சொல்ல முடியாது. ஆகவே நானே சொன்னேன், நின்றுகொண்டே, எல்லாவற்றையும். ரேடியோக்காரர் மாதிரி வரவில்லை. ஆபீஸ், பெருவிரல், காய்ச்சல், பெட்டி. சொல்லி முடிக்கும் வரை அவள் கோடாலிக் காம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல கட்டிக் குடுத்தாச்சுன்ன. ஊருக்குப் போயி கன்னியாச் செத்துட்டாள்னு சொன்ன. ரெண்டுல ஒண்ணையாச்சும் ஒழுங்காச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். விறகை ஒதுக்கிவிட்டு, "ஒன் பேருக்குப் போட்ட கடுதாசி 'ஆளு இல்ல'ன்னு திரும்பி வந்துச்சு. நா ஒனக்குப் படைக்கல. ஆளு வேற ஊட்டுக்கு மாறியிருக்கும்னுதான் நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

உட்காரச் சொன்னாள், மற்றவர்களை. பெரட்டுக் களத்துக்குத் தகரப் பெட்டியோடு போய் எட்டு மாதம் லிஸ்ட் கேட்டிருக்கிறாள். பிறகு பெருமாள் மகன் முனியாண்டியைக் கட்டிக்கொண்டாள். அவர் இப்போது இல்லை. ஒரு மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஒரு மகள் பக்கத்துத் தோட்டத்தில். இதையெல்லாம் மேகலாவிடம் சொன்னாள்.

சிற்றாடையை விரித்துப் பார்த்தாள். "நல்ல கலருதான். வருசா வருசமா?" வளையலை எடுத்துக் கையில் ஏற்றினாள். கொழுந்து பறித்துக் காய்த்த கை. விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்புப் போட்டும் பார்த்தாள். பிறகு தேவயானியின் கையைப் பிடித்து இழுத்து ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள். "ஒனக்குத்தான் சரி. நானும் இந்த அளவுதான் இருந்தேன்" என்றாள்.

எல்லோருக்கும் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தாள். கடித்துக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தாள். எனக்குச் சாயம் கொடுத்தாள். சீனி வைக்கவில்லை. நானும் கையை நீட்டவில்லை.

"இனி எங்க போறீங்க?"

"காலைல தங்காலை போறோம் பாட்டி, கடலுக்கு. நாலு மணி நேரம். ரோடு சூப்பரா இருக்குமாம்" என்றாள் தேவயானி.

தெய்வானை கோடாலியைச் சுவரில் சாத்தினாள்.

"நானும் வாரேன். சன்னலோரம் இருக்கா?"

மே 17, வெள்ளி

முன் சீட்டில், சன்னலோரம் அவள். கடைசி சீட்டில், சாமான்களுக்கு நடுவில் நான். நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நேற்று ராத்திரி நாங்கள் அப்புத்தளையில் தங்கினோம். தனசேகர் இன்னொரு ரூம் கேட்டான், எனக்குத் தனியாக.

வழியெல்லாம் தெய்வானைக்குக் கேள்வி. அந்த அருவிக்கு என்ன பேர், இங்கே ஆள் குடியிருக்கிறதா, ஏன் இந்த ஊரில் வெயில் இப்படி. மலையை விட்டுக் கீழே இறங்கியதே இரண்டு தடவைதானாம், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. கண்ணாடியை ஏற்றவே விடவில்லை. தலைமயிர் பறந்து வாயில் விழுந்தது, எடுத்துவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஆத்தா, ஏசி போட்டிருக்குங்க" என்றான் யோகராஜா.

"நீ போட்டுக்க தம்பி. நா தொறந்துக்கிறேன்."

மேகலா சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து முதல் தடவை. வெல்லவாயவில் தனசேகர் எல்லோருக்கும் இளநீர் வாங்கினான். எனக்கும் வாங்கினான். கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

கடல் வந்ததும் தெய்வானை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனாள். தேவயானி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். தெய்வானை கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல இந்தியா எந்தப் பக்கம் தம்பி?"

யோகராஜா தலையைச் சொறிந்தான். "இந்தப் பக்கம் இல்லைங்க ஆத்தா. இங்கிட்டு வெறும் தண்ணிதான். இந்தியா நமக்குப் பின்னுக்கு, மலைக்கும் அங்கிட்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வேன், தென்னை, நான்.

"நல்லதாப் போச்சு" என்றாள். மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டாள்.

மே 18, சனி

வேனில் கொண்டுபோய் விடுகிறோம் என்று மேகலா கெஞ்சினாள். தெய்வானை கேட்கவில்லை. "தராசுக்காரன் திங்கக்கெழம எனக்கு லீவு போட்ருவான். நா பஸ்லயே போயிக்குவேன்." பதுளை பஸ் வந்தது. கண்டக்டரிடம் சண்டை போட்டுச் சன்னலோரம் இடம் பிடித்தாள். ஒரு பொட்டலத்தை மேகலாவிடம் நீட்டினாள். வீட்டிலிருந்தே சுட்டுக் கொண்டு வந்த ரொட்டி.

நான் போய்ச் சன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் கை கம்பியில் இருந்தது. ஐம்பது வருஷமாக வைத்திருந்த வார்த்தையை அப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மன்னிச்சிரு என்பது அவ்வளவு சின்ன வார்த்தையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பஸ் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.

அவள் என் தலைக்கு மேலாக மேகலாவைப் பார்த்து, "போயிச் சேந்து போன் பண்ணு புள்ள" என்றாள்.

பஸ் நகர்ந்தது. நாலடி கூடவே நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. முழங்கால் உண்மையிலேயே வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 19, ஆடி வெள்ளி

இது பிரிண்ட் போடுவதற்கு அல்ல. போன் கையில் இருக்கிறது, அதனால் பேசுகிறேன்.

மூலையில் பெட்டி இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. தனசேகர் பிடுங்கவும் இல்லை, வேறு எதையும் மாட்டவும் இல்லை. என்னோடு தேவைக்குப் பேசுகிறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

நேற்றிலிருந்து தேவயானிக்குக் காய்ச்சல். நூற்று இரண்டு. மேகலா காலையில் தலைக்குக் குளித்தாள். பழக்கத்தில் அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்துவிட்டாள். சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சூடத்தை டப்பாவில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"சின்னத்தை, பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்றாள்.

"அதுக்கு எனக்கு ஏன் புள்ள போன் போடுற? டாக்டர்ட்ட காட்டு! ஊசி போட்டியா? கஞ்சி வெச்சுக் குடு. ஈரத்தலையோட படுக்க விடாத." தெய்வானையின் குரல் இங்கே நாற்காலி வரைக்கும் கேட்டது. அரை மணி நேரம் பேசினார்கள். தனசேகரைக் கேட்டாள். யோகராஜாவுக்குப் பெண் பிறந்திருப்பதைச் சொன்னாள். இங்கே மழை உண்டா என்று கேட்டாள்.

என்னைக் கேட்கவில்லை.

மேகலா பேசி முடித்துவிட்டு, எடுத்து வைத்த அரிசியைக் கஞ்சிக்குப் போட்டாள்.